வாளுக்கும் வேண்டும் வாய்ப்பு

முன்னுரை

விளையாட்டை விரும்பாத உள்ளம் உண்டோ? பல்லாங்குழியும் தாயமும் நம் பாட்டிமாரின் பிற்பகல்களை நிறைத்தன. கேரமும் சதுரங்கமும் நம் விடுமுறை நாள்களை நிறைக்கின்றன. எறிபந்தும் வளையப்பந்தும் ஆடாத மாலை நம் பள்ளித் திடலில் இல்லை. இவற்றின் நன்மைகளைப் பற்றி இம்மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்களும் படித்து மகிழ்ந்திருக்கிறோம். இன்று நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு விளையாட்டு. அதன் நன்மைகளை அடுக்குவது எங்கள் நோக்கம் அன்று. அதிலுள்ள ஒரு குறையை எடுத்துக்காட்டி, அதைத் தீர்க்கும் வழி பற்றி எங்கள் கருத்தைச் சொல்வதே நோக்கம்.

ஒரு விளையாட்டின் குறைக்கு இத்தனை பக்கங்களா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குறையால் எங்கள் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு எங்கள் மேசையை விட்டு எழுந்து போனாள். அவள் ஏன் போனாள் என்பது எங்களுக்குப் புரியவே பல வாரங்கள் ஆயின. ஆகவே எங்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

இது என்ன விளையாட்டு?

'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சன் என்பவரும் சேர்ந்து அமைத்தது. 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதலில் 1000 பிரதிகளே அச்சிட்டார்கள். இன்று உலகின் பல நாடுகளில் ஆடுகிறார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பலகை கட்டாயம் இல்லை. காய்களும் கட்டாயம் இல்லை. மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "குகை வாயிலில் இரண்டு பூதங்கள் காவல் நிற்கின்றன. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஒருவர் ஒளிந்து போகிறேன் என்பார். ஒருவர் பேசிப் பார்க்கிறேன் என்பார். ஒருவர் வாளை உருவுவார். அந்தச் செயல் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

பகடை என்றதும் அன்னையர் சிலரின் நெற்றி சுருங்குவதை நாங்கள் அறிவோம். இங்கே பணயம் இல்லை, காசு இல்லை. வெல்பவர், தோற்பவர் என்ற பிரிவும் இல்லை. ஒரு கதையை ஐவர் சேர்ந்து சொல்கிறார்கள், அவ்வளவே. பகடைகள் நான்கு முகம் முதல் இருபது முகம் வரை பல வடிவில் இருக்கும். அவை கிடைக்காத நாளில், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்துத்தான் நாங்கள் ஆடத் தொடங்கினோம்.

1974ஆம் ஆண்டின் விதிகளில் மூன்று வகைப் பாத்திரங்களே இருந்தன: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. 1975இல் திருடர் சேர்ந்தார். பின்னர் இன்னும் பல வகைகள் வந்தன. பாத்திரங்கள் அனுபவம் சேரச் சேர முதல் நிலையிலிருந்து படிப்படியாக உயரும். இன்றைய விதிகளில் இருபதாம் நிலையே உச்சம். இக்கட்டுரை போர்வீரரைப் பற்றியது. மந்திரம் அறியாத, கவசமும் வாளும் துணிவும் மட்டுமே உடைய அந்த எளிய மனிதரைப் பற்றியது.

எங்கள் மேசையில் நடந்தது

நாங்கள் ஐவர். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினோம். 2014இல் வெளியான அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைத்ததால் அவற்றையே எடுத்துக்கொண்டோம். அவற்றில் நான்கு வகைப் பாத்திரங்கள் உண்டு. ஒருத்தி கதை நடத்தினாள். ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி சமயகுரு, ஒருத்தி திருடி. எங்கள் தோழி வீராங்கனை ஆனாள். மந்திரவாதியாக ஆடிய கையே இக்கட்டுரையை எழுதும் கை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

முதல் சில மாதங்கள் அவள்தான் எங்களுக்கு அரண். அவள் பின்னே நாங்கள் ஒளிந்துகொள்வோம். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் எங்கள் பாத்திரங்கள் ஆறாம் நிலையை எட்டின. அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இடிந்த பாலமா? மந்திரவாதி பறக்கும் மந்திரத்தால் எல்லாரையும் அக்கரை சேர்த்தாள். பூட்டிய கதவா? மந்திரத்தால் திறந்தாள். வழிமறித்த காவல் தலைவனா? மந்திரத்தால் மயக்கினாள். சண்டை வந்தால் ஒரே நெருப்புக்கோளத்தில் பாதிப் பகைவர் சாம்பல் ஆனார்கள். பின்னர் தோழியின் முறை வரும். "வெட்டுகிறேன்" என்பாள். பகடை உருளும். அடுத்தவள் முறை வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அவள் தையல் வகுப்புக்கான பூத்தையலைச் சட்டத்தோடு கொண்டுவந்தாள். "என் முறை வந்தா சொல்லுங்கடி, வெட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோத்தாள். நாங்கள் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் தலைவலி. பின்னர் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

"அவளுக்குக் கற்பனை போதாது" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அது அநியாயமான பேச்சு. குறை அவளிடம் இல்லை; பாதி விதியிலும் பாதி எங்களிடமும் இருந்தது.

கூட்டலும் பெருக்கலும்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடிகள் எல்லாம் பட்டதாக வைத்துக்கொண்டோம். மந்திர வாள், தனிப் பயிற்சி ஆகியவற்றைச் சேர்க்கவில்லை.

முதல் நிலையில் வீரரின் வாளுக்கு எட்டுமுகப் பகடை. வலிமைக்காக அதனுடன் 3 சேரும். சராசரி ஏழரைப் புள்ளி. மந்திரவாதி அலுக்காமல் எறியக்கூடிய நெருப்பம்புக்குப் பத்துமுகப் பகடை, சராசரி ஐந்தரை. உடல் உறுதிக்கான கூடுதலை விட்டுப் பார்த்தால் வீரருக்கு உயிர்ப்புள்ளி 10, மந்திரவாதிக்கு 6. ஆக, தொடக்கத்தில் வீரரே மேல்.

ஐந்தாம் நிலையில் வீரர் ஒரு முறைக்கு இருமுறை வெட்டுவார். வலிமைக்கு 4 சேர்த்தால் ஒரு வெட்டுக்கு எட்டரை, இரண்டுக்கும் 17. அதே நிலையில் மந்திரவாதி நெருப்புக்கோளம் கற்கிறார். அதற்கு ஆறுமுகப் பகடைகள் எட்டு, சராசரி 28. அதுவும் ஒருவருக்கு மட்டும் அன்று. வெடித்த இடத்திலிருந்து 20 அடிக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும் 28. தப்பித்து ஒதுங்கியவருக்கும் பாதி உண்டு.

பதினோராம் நிலையில் வீரர் மூன்று முறை வெட்டுவார். வலிமை 5. மூன்று வெட்டும் பட்டால் இருபத்தெட்டரை. அதாவது, மந்திரவாதி ஐந்தாம் நிலையில் ஒரு கூட்டத்துக்கே செய்ததை, வீரர் பதினோராம் நிலையில் ஓர் ஆளுக்குச் செய்கிறார்! இருபதாம் நிலையில் வீரருக்கு நான்கு வெட்டு. மந்திரவாதிக்கோ நாளொன்றுக்கு 22 பெரிய மந்திரங்கள். பதினேழாம் நிலையிலிருந்தே, நினைத்ததை நடத்தும் மந்திரமும் அவற்றுள் ஒன்று.

நேர்மையாகச் சொன்னால், ஐந்தாம் நிலையில் நெருப்புக்கோளத்தை ஒரு நாளைக்குச் சில முறைதான் எறியலாம். ஒரே ஒரு பெரும் பகைவனை எதிர்த்து நெடுநேரம் நின்றால் வீரரின் கை தாழ்வதும் இல்லை. எனினும் போக்கு தெளிவு. வீரர் கூட்டலால் வளர்கிறார். மந்திரவாதிக்கு மந்திரங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் ஆற்றல், அவற்றின் வகை ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்வதால் அவர் பெருக்கலால் வளர்கிறார்.

பழைய சமநிலை

இதை முன்னோடிகள் அறியாதவர்கள் அல்லர். இந்த விளையாட்டுக்கு முன்பு, 1971இல், கைகாக்ஸ் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்னும் பொம்மைப் போர் விளையாட்டின் விதிகளை எழுதினார். அதில் 'ஹீரோ' ஒருவர் நான்கு வீரர்களுக்கு ஒப்பானவர். 'சூப்பர் ஹீரோ' எட்டு வீரர்களுக்கு ஒப்பானவர். போர்வீரரின் பெருமை அங்கே தொடங்கியது.

1974ஆம் ஆண்டின் விதிகளில் இரண்டாம் நிலையை அடைய வீரருக்கு 2000 அனுபவப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்கு 2500 வேண்டும். முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம், கவசம் கிடையாது. மந்திர வாள்களோ வீரருக்கே உரியவை. அவற்றுள் சில அறிவும் பேச்சும் உடையவை. 1978ஆம் ஆண்டின் கையேட்டில் உயிர்ப்புள்ளிக்கு வீரர் பத்துமுகப் பகடையையும் மந்திரவாதி நான்குமுகப் பகடையையும் உருட்டினார்கள். மந்திரம் சொல்லும்போது அடி பட்டால் மந்திரம் பாழ். ஒன்பதாம் நிலையை அடைந்த வீரர் கோட்டை கட்டலாம். அவர் பெயர் கேட்டுப் படைவீரர்கள் தேடி வருவார்கள்.

ஆகவே அன்றைய சமநிலை காலத்தை அடிப்படையாகக் கொண்டது. இளமையில் வீரர் மேல். உயிர் தப்பி முதுமை கண்டால் மந்திரவாதி மேல். இதை நாங்கள் முழுமையாக ஏற்கவில்லை. ஒருவர் இந்த ஆண்டு முழுதும் மகிழட்டும், மற்றவர் அடுத்த ஆண்டு மகிழட்டும் என்பது எப்படி நீதியாகும்? எல்லா மேசைகளிலும் கதை அத்தனை காலம் நீடிப்பதும் இல்லை. ஆயினும் அம்முறையில் ஓர் உயர்ந்த எண்ணம் இருந்தது. வீரரின் பெருமை வாளோடு முடிந்துவிடவில்லை. அவருக்குக் கோட்டை இருந்தது. நம்பி வந்த மனிதர்கள் இருந்தார்கள். ஊரில் ஒரு பெயர் இருந்தது.

மாறிய விதிகள்

1997இல் இந்த விளையாட்டின் உரிமை விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு மாறியது. 2000இல் அவர்கள் விதிகளைப் புதுக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே அனுபவ அட்டவணை வந்தது. அடி பட்டாலும் மனத்தை ஒருமுகப்படுத்தி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி வந்தது. வீரருக்குக் கோட்டையும் படையும் போயின. அதற்கு ஈடாக இருபது நிலைகளில் பதினொரு கூடுதல் திறன்களைக் கொடுத்தார்கள். ஆனால் பலமுறை வெட்ட வேண்டுமானால் வீரர் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மந்திரவாதியோ நடந்துகொண்டே பெரும்பாலான மந்திரங்களைப் போடலாம். மந்திரவாதியின் கட்டுகள் தளர்ந்தன. வீரரின் காலில் புதிய கட்டு விழுந்தது.

2008இல் இதற்கு நேர்மாறான மருந்து வந்தது. வீரர், மந்திரவாதி, திருடர் எல்லாருக்கும் ஒரே அளவில் ஆற்றல்கள்: சில எப்போதும், சில சண்டைக்கு ஒருமுறை, சில நாளுக்கு ஒருமுறை. வீரர் ஒரு பகைவனைக் குறிவைத்து நின்றால், அவன் வேறு யாரையாவது தாக்க முயலும்போது அவன் எண்ணில் 2 குறையும். அருகில் நின்றால் வீரரின் அடியும் விழும். தோழரைக் காப்பது வீரரின் தொழில் என்று விதியே சொன்னது. இது எங்களுக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால், எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோல் இருக்கிறது என்று பலர் குறைகூறினார்கள். அதிலும் உண்மை உண்டு. சமம் வேண்டும் என்பதற்காக எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்தால், வீரரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் என்ன?

2014இல் மீண்டும் பழைய சுவைக்குத் திரும்பினார்கள். வீரர் மூச்சு வாங்கிக் காயம் ஆற்றிக்கொள்ளலாம். ஒருமுறை இரட்டை வேகத்தில் செயல்படலாம். ஒரு மணி நேரம் இளைப்பாறினால் இவ்விரண்டும் மீளும். முழுக் கையேட்டில் போர்த் தந்திரம் கற்ற வீரர்வகை ஒன்றும் உண்டு. ஆனால் எங்களிடம் இருந்த இலவச விதிகளில் ஒரே ஒரு வீரர்வகைதான். மூன்றாம் நிலையில் அவருக்குக் கிடைத்த பெரும் பேறு யாதெனின், இருபதுக்குப் பதில் பத்தொன்பது விழுந்தாலும் பேரடி என்று கொள்ளலாம் என்பதே. இது பகடை தரும் பரிசு. ஆடுபவள் யோசித்துத் தேர்ந்தெடுப்பது அன்று. எங்கள் தோழி "வெட்டுகிறேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னதில் வியப்பு என்ன?

நாங்கள் கண்ட பிழை

குறை விதியில் மட்டும் இருந்ததா? அதே 2014ஆம் ஆண்டில் கதை நடத்துபவருக்காக வெளிவந்த கையேட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. கதையின் ஒரு நாளில், இரவு உறக்கத்துக்கு முன், ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை ஒரு குழு தாங்கும் என்பது அக்குறிப்பு. எங்கள் மேசையிலோ நாளுக்கு ஒரே சண்டை! ஒரு சனிக்கிழமைக்கு ஒரு சண்டை, பின் உறக்கம், அடுத்த வாரம் புது நாள்.

ஆறாம் நிலை மந்திரவாதிக்கு நாளுக்குப் பத்துப் பெரிய மந்திரங்கள். எங்கள் சண்டைகள் நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும். ஆறு சண்டை என்றால் இருபத்து நான்கு சுற்றுக்கு மேல். அப்போது பத்து மந்திரங்களை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டும். ஒரே சண்டை என்றால் வாரி இறைக்கலாம். நாங்கள் வாரி இறைத்தோம். களைக்காத கையே வீரரின் பெருமை. களைப்பே இல்லாத கதையில் அப்பெருமைக்கு இடம் ஏது?

இன்னும் ஒன்று. பூட்டைத் திறக்கும் மந்திரத்துக்கு 300 அடி வரை கேட்கும் பேரொலி எழும் என்று விதி சொல்கிறது. மயங்கிய மனிதர் மயக்கம் தெளிந்ததும் தாம் மயக்கப்பட்டதை அறிவார். பறக்கும் மந்திரம் அந்த நிலையில் ஒருவரை மட்டுமே தூக்கும். போட்டவர் அடிபட்டுக் கவனம் சிதறினால் பறப்பவர் விழுவார். இவற்றையெல்லாம் "சிக்கலாக இருக்கிறது, விடு" என்று நாங்கள் விட்டுவிட்டோம். விட்ட விதிகளைப் பின்னர் வரிசையாக எழுதிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அத்தனையும் மந்திரவாதியைக் கட்டிவைத்த விதிகள். வீரரைக் கட்டிய விதி ஒன்றையும் நாங்கள் தளர்த்தவில்லை.

மறுப்புகளும் எங்கள் விடையும்

"மந்திரம் என்றால் வாளைவிட வலிமையாகத்தானே இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். மந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இயற்கை விதிக்கவில்லை. மேசையருகே அமர்ந்து மனிதர்கள் எழுதினார்கள். எழுதியதைத் திருத்தவும் முடியும். ஐம்பது ஆண்டுகளாகத் திருத்தியும் வருகிறார்கள்.

"புதிதாக ஆடுபவருக்கு எளிய பாத்திரம் ஒன்று வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டும். ஆனால் எளிமை விரும்பியவர் எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். வாள் விரும்பியவள் தலையில் கட்டுவதாக இருக்கக்கூடாது. முதல் மாதம் எளிமையாக இருப்பது இனிமை. இரண்டாம் ஆண்டும் அதே ஒரு சொல் என்றால் அது இனிமை ஆகுமா?

"வெட்டுக்கு இன்னும் பத்துப் புள்ளி கூட்டினால் சரியாகிவிடுமே?" என்பது மூன்றாவது. இதுவே எல்லாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, எங்களுக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் தோழி குறைவாக வெட்டியதற்காகப் போகவில்லை. பாலத்தருகில், கதவருகில், காவல் தலைவன் முன்னே அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அதற்காகவே போனாள். பத்துப் புள்ளி கூட்டியிருந்தாலும் பூத்தையல் மேசைக்கு வந்திருக்கும்.

எங்கள் கருத்து

சமன்செய்தல் என்பது எண்களைச் சமமாக்குவது அன்று என்பதே எங்கள் கருத்து. ஒரு மாலையில், மேசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் நோக்கி மற்ற நால்வரும் "இனி உன் கையில்தான் இருக்கிறது" என்று திரும்பும் வேளை ஒன்று வர வேண்டும். அந்த வேளை தற்செயலாக வரக்கூடாது. விதியே அதைத் தர வேண்டும். இதற்கு நான்கு வழிகளைச் செய்து பார்த்தோம்.

முதலாவது, சனிக்கிழமை முடிந்தால் கதையின் நாளும் முடிய வேண்டும் என்ற வழக்கத்தை விட்டோம். இப்போது கதையின் ஒரு நாள் மூன்று சனிக்கிழமைகள் வரை நீள்கிறது. சென்ற வாரம் செலவிட்ட மந்திரம் இந்த வாரமும் செலவுதான்.

இரண்டாவது, மந்திரத்தின் விலையைக் கடைக்காரர்போல் கறாராக வாங்கினோம். ஓசை எழும் என்றால் எழும். மயங்கியவன் தெளிந்தால் பகைவன் ஆவான்.

மூன்றாவது, 2024இல் வந்த புதிய விதிகளிலிருந்து ஆயுதத் திறமைகளை எடுத்துக்கொண்டோம். ஓர் ஆயுதத்தால் பகைவனைப் பத்தடி தள்ளலாம். மற்றொன்றால் கீழே வீழ்த்தலாம். இன்னொன்றால் அவன் வேகத்தைக் குறைக்கலாம். எதை எடுப்பது என்று வீராங்கனை யோசிக்க வேண்டும். அதே விதிகளில், ஏறுதல், பேசுதல் முதலிய முயற்சிகளில் தவறினாலும் வீரர் தம் மூச்சுவாங்கும் ஆற்றலைச் செலவிட்டு ஒரு பத்துமுகப் பகடையைச் சேர்த்துக்கொள்ள வழி தந்திருக்கிறார்கள். சண்டைக்கு வெளியேயும் வீரருக்கு ஒரு கதவு திறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

நான்காவதே முக்கியமானது. 1978ஆம் ஆண்டின் அந்தப் பழைய எண்ணத்தை மீட்டோம். ஒன்பதாம் நிலை வரை காத்திராமல், ஒரு மலைக் கிராமத்தின் காவலைத் தோழியின் பாத்திரத்துக்குக் கொடுத்தோம். அவளிடம் பயிற்சி பெற்ற இருபது உழவர்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள். மந்திரத்தால் மயங்கி அன்று, அவளை நம்பி.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாங்கள் நால்வரும் அவள் வீட்டுக்குப் போனோம். "உனக்குக் கற்பனை போதாதுன்னு சொன்னோம். தப்பு எங்க மேலதான்" என்று சொன்னோம். அவள் தாளை இருமுறை படித்தாள். "தள்ளிவிட்டா பத்தடியா? பாலத்து மேல நின்னா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பாலமும் வந்தது. கதையில் அது நாளின் ஐந்தாவது சண்டை. மந்திரவாதியிடம் ஒரு சிறு மந்திரமும் மிச்சமில்லை. சமயகுருவின் கையும் காலி. பகைவர் பன்னிருவர் வருகிறார்கள். பின்னால் ஊர்மக்கள் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் ஒன்றும் பேசாமல் அவளைப் பார்த்தோம். உழவர்களில் பத்துப் பேரை மக்களோடு அனுப்பினாள். பத்துப் பேரைப் பாலத்தின் கயிற்றருகே கோடாரியோடு நிறுத்தினாள். தான் நடுப்பாலத்தில் நின்று, வந்தவரை ஒவ்வொருவராக ஆற்றில் தள்ளினாள். அன்று மாலை அவள் "வெட்டுகிறேன்" என்று சொன்னது ஒரே முறை. அது கயிற்றை வெட்டச் சொன்னபோது. அவள் பைக்குள் பூத்தையல் சட்டம் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

முடிவுரை

எங்கள் வழிகள் குறையற்றவை என்று சொல்ல மாட்டோம். கதையின் நாள் நீளும்போது சில வாரம் மந்திரவாதிக்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. அப்போது அவளுக்கு என்ன தரலாம் என்று இப்போது எங்கள் வீராங்கனையே யோசித்துக்கொண்டிருக்கிறாள். பசி அறிந்தவளுக்கே பிறர் பசி தெரியும்.

தோழியரே, நம் ஆண்டுவிழா நாடகத்தில் அரசியாக வருபவளும் உண்டு. மூன்று காட்சியிலும் மரமாக நிற்பவளும் உண்டு. மரமாக நிற்பவளைப் பார்த்து, "உனக்கு நடிப்பு வராது" என்று சொல்வது எளிது. நாடகத்தை எழுதியவர் அவளுக்கு ஒரு வரியாவது எழுதினாரா என்று கேட்பதே நீதி. இனி நீங்கள் எந்த விளையாட்டு ஆடினாலும், மேசையின் ஓரத்தில் ஒருத்தி ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தால், அவளைக் குறை சொல்வதற்கு முன் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நாங்கள் அதைச் சற்றுத் தாமதமாகவே செய்தோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு